67 வீதம் போதாது

சூப்பர் ஹீரோ திரைப்படங்களைப் பற்றி இப்பக்கத்தில் நான் எழுதியது மிகக் குறைவு. அவற்றைப் பார்க்காதவன் என்பதல்ல காரணம். அவற்றைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியான இளைஞர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆயினும் 2019ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘ஸ்பைடர்மான்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ என்ற படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, இதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. சிலந்தி நூலில் தொங்கித் திரியும் ஒரு பதினாறு வயதுப் பையனின் சாகசக் கதையாகவே அதனைப் பெரும்பாலானோர் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். உலகெங்கும் 110 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் செய்தி எவ்வாறு தயாரிக்கப்படுகிறது, எவ்வாறு நம்பப்படுகிறது, சரிபார்க்கப்படாத ஒரு செய்தி ஒரு சிறுவனின் வாழ்வை எவ்வாறு குலைத்துப்போடுகிறது என்பதே அப்படத்தின் உட்பொருள் என்பது எனது அபிப்பிராயம்.

கதையை மறந்துவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோன் வொட்ஸ் இயக்கிய இப்படம், அதே இயக்குநர் 2017இல் தந்த ‘ஹோம்கமிங்’ படத்தின் தொடர்ச்சி. டொம் ஹொலண்ட் நடித்த பீற்றர் பார்க்கர் நியூயோர்க் நகரின் பாடசாலை மாணவன். அவனுக்குத் தந்தையைப் போலிருந்த டோனி ஸ்டார்க் இறந்துவிட்டார். அந்தத் துயரிலிருந்து தப்பவும், வகுப்புத் தோழி எம்.ஜே.யிடம் தன் மனதைத் திறக்கவும், பாடசாலைச் சுற்றுலாவில் ஐரோப்பாவுக்குப் போகிறான். வெனிஸ் நகரின் கால்வாய் நீர் பூதமாக எழுகிறது. பிராக் நகரில் நெருப்பு எழுகிறது. இரண்டு இடங்களிலும் குவென்ரின் பெக் என்ற மனிதன், மிஸ்டீரியோ என்ற பெயருடன், வானிலிருந்து இறங்கி மக்களைக் காப்பாற்றுகிறான். ஸ்டார்க் விட்டுச்சென்ற, ஆயுதம் தாங்கிய ட்ரோன்களை ஆளும் மூக்குக்கண்ணாடியைப் பீற்றர் அவனை நம்பிக் கையளித்துவிடுகிறான். பின்னர்தான் தெரியவருகிறது, பூதங்களும் இல்லை, மீட்பரும் இல்லை. எல்லாமே ட்ரோன்களிலிருந்து வீசப்பட்ட ஒளிப்படிமங்கள் என்று.

பெக்கின் கூட்டத்தைச் சற்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அவன் தனியாள் அல்லன். ஸ்டார்க் நிறுவனத்தில் ஒதுக்கப்பட்டதாக மனம் புழுங்கியவர்கள் ஒன்றுசேர்ந்த குழு அது. ஒருவர் ட்ரோன்களைக் கவனிக்கிறார், ஒருவர் உடையைத் தைக்கிறார், இன்னொருவர் கதையை எழுதுகிறார். வேறோர் உலகிலிருந்து வந்தவன், குடும்பத்தை இழந்தவன், பழிதீர்க்கத் துடிக்கும் வீரன் என்ற கதை அப்படித்தான் பிறக்கிறது. முன்கூட்டியே ஒத்திகையும் பார்க்கிறார்கள். எங்கே எந்தக் கட்டடம் இடியவேண்டும், பெக் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று நாடகமேடை போலத் திட்டமிடுகிறார்கள். இதை நான் ஓர் ஆசிரியபீடத்தின் தலைகீழ் வடிவமாகவே பார்க்கிறேன். நிருபர் இருக்கிறார், படப்பிடிப்பாளர் இருக்கிறார், எழுத்தாளர் இருக்கிறார், பக்கவடிவமைப்பாளர்கூட இருக்கிறார். நடந்த சம்பவம் ஒன்றுதான் இல்லை.

அவர்கள் வெற்றி பெறுவதற்குத் தொழில்நுட்பம் மாத்திரம் காரணமல்ல. பெரிய வீரர்கள் மறைந்துவிட்ட ஓர் உலகில், அடுத்தவர் யார் என்று மக்கள் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏக்கத்துக்கு ஏற்ற அளவில் ஒரு செய்தியைத் தைத்துக் கொடுக்கிறான் பெக். அவனுடைய பெயர்கூட ஒரு செய்தி ஒளிபரப்பிலிருந்து தவறுதலாக வந்ததுதான். இத்தாலியத் தொலைக்காட்சி அவனை மர்ம மனிதன் என்று வர்ணிக்க, மொழி தெரியாத மாணவர்கள் அதையே அவனது பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். பெயரும் நிலைத்துவிடுகிறது. பார்வையாளர்களாகிய நாமும் தப்பவில்லை. படம் முழுவதும் நாம் நிக் ஃபியூரி என்று நம்பிய அதிகாரி, நிக் ஃபியூரியே அல்லர் என்பதை இறுதிக் காட்சியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்படத்தில் உண்மையான நிருபர் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. அவர் எந்தச் செய்தி நிறுவனத்திலும் வேலை செய்பவர் அல்லர். செண்டாயா நடித்த எம்.ஜே.தான் அவர். பீற்றர் அடிக்கடி காணாமற் போவதை அவள் நெடுநாளாகக் கவனித்து வருகிறாள். இவன்தான் ஸ்பைடர்மானோ என்ற சந்தேகம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அதை அவள் வகுப்பில் எவரிடமும் சொல்லித் திரியவில்லை. பிராக் நகரில் ஓர் இரவு நேரடியாக அவனிடமே கேட்கிறாள். அவன் மறுக்கிறான். மோதல் நடந்த இடத்தில் கிடந்த கருவித்துண்டு ஒன்றை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். அந்தத் துண்டு தற்செயலாக இயங்கி, பூதத்தின் உருவத்தைக் காற்றில் காட்டும்போதுதான் பெக்கின் மோசடி வெளிப்படுகிறது. பீற்றரும் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அப்போது அவள் திகைத்துப்போய்ச் சொல்வது, தனக்கு 67 வீதம் வரையில்தான் நிச்சயம் இருந்தது என்பதாகும்.

திரையரங்கில் இதற்குச் சிரிப்பார்கள். நான் இம்முறை சிரிக்கவில்லை. ஒரு செய்தியாளர் கற்கவேண்டிய பாடம் முழுவதும் அந்தச் சிறு காட்சிக்குள் இருக்கிறது. அவதானித்தாள்; சந்தேகித்தாள்; சம்பந்தப்பட்டவரிடமே கேட்டாள்; அவரது மறுப்பையும் கேட்டாள்; கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்றைத் தேடி வைத்திருந்தாள். 67 வீத நிச்சயம் ஒருவரைப் போய்க் கேள்வி கேட்பதற்குப் போதுமானது. வெளியிடுவதற்கு அது போதாது. நூறு வீதம் உறுதியான பின்பும் அவள் அதை ஊருக்குச் சொல்லவில்லை. வெளியிட்டால் யாருக்கு என்ன நேரும் என்ற கேள்வியை, கேட்கப்படாமலே, அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனித் தொழில்முறைப் பத்திரிகைக்காரரிடம் வருவோம். ஜே. ஜோனா ஜேம்சன் என்ற பாத்திரம் ஸ்பைடர்மான் சித்திரக்கதைகளில் 1963இலேயே தோன்றிவிட்டது. ‘டெய்லி பியூகிள்’ என்ற நியூயோர்க் பத்திரிகையின் அதிபர். ஸ்பைடர்மானைச் சமூகவிரோதி என்று ஓயாமல் தாக்கி எழுதுபவர். சாம் ரைமி இயக்கிய மூன்று படங்களில், 2002, 2004, 2007ஆம் ஆண்டுகளில், ஜே.கே. சிமன்ஸ் இப்பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தார். ஒட்ட வெட்டிய தலைமுடி, சுருட்டு, மேசையில் கையை அடித்து அடித்துப் பேசும் பேச்சு. கஞ்சத்தனம், அவசரம், முன்முடிவு ஆகிய மூன்றும் நிறைந்த மனிதர். இத்தகையவரின் கீழ் வேலை செய்த அனுபவம் எந்த நாட்டுப் பத்திரிகைக்காரருக்கும் இருக்கும், பெயர்கள் வேண்டாம்.

ஆயினும் அந்த ஜேம்சனிடம் இரண்டு நற்குணங்கள் இருந்தன. முதற்படத்தில் பச்சைப் பூதம் அலுவலகத்தின் சுவரை உடைத்துக்கொண்டு வந்து, ஸ்பைடர்மானின் படங்களை எடுப்பவன் யார் என்று அவரது கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது. படங்களை எடுப்பவன் சில கணங்களுக்கு முன்னர்வரை அதே அறையில் நின்ற பீற்றர் பார்க்கர். ஒரு சொல் சொன்னால் அவர் தப்பலாம். படங்கள் தபாலில் வருகின்றன, ஆளைத் தெரியாது என்று பொய் சொல்கிறார். நாளாந்தம் திட்டித் தீர்த்து, கூலியைக் குறைத்துக் கொடுத்த அந்தப் பகுதிநேரப் படப்பிடிப்பாளனுக்காக மூச்சுத் திணறியபடியே அந்தப் பொய்யைச் சொல்கிறார். தகவல் தருபவரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற விதியை எவரும் அவருக்கு அந்த வேளையில் நினைவூட்டவில்லை. அது அவரது உடம்பில் ஊறியிருந்தது.

இரண்டாவது, 2007ஆம் ஆண்டுப் படத்தில் வருவது. எடி புரொக் என்ற படப்பிடிப்பாளன், பீற்றர் முன்னர் எடுத்த ஒரு படத்தை மாற்றியமைத்து, ஸ்பைடர்மான் வங்கியைக் கொள்ளையிடுவதுபோல் காட்டிவிடுகிறான். பியூகிள் அதை முதற்பக்கத்தில் பிரசுரிக்கிறது. மோசடி என்று பீற்றர் நிரூபித்ததும் ஜேம்சன் புரொக்கை வேலையிலிருந்து நீக்குகிறார். இருபது ஆண்டுகளாகத் தமது பத்திரிகை செய்திராத ஒன்றை, அதாவது பிரசுரித்த செய்தி பொய் என்று வாசகருக்கு அறிவிப்பதை, மனமின்றியாவது செய்ய முன்வருகிறார். அவருக்கு ஸ்பைடர்மானைப் பிடிக்காது. அச்செய்தி உண்மையாக இருந்தால் அவரைவிட மகிழ்பவர் எவரும் இல்லை. இருந்தும் பொய் என்று தெரிந்த பின் அதைப் பொய் என்றே சொல்லவேண்டியிருந்தது. ஏனெனில் அது அவரது பத்திரிகையின் பெயருக்குக் கீழே வந்த பொய்.

அந்த அலுவலகத்தில் இன்னொருவரும் இருந்தார். ரொபி ரொபேர்ட்சன். பில் நன் நடித்த அமைதியான மூத்த ஆசிரியர். ஜேம்சன் கத்தும்போது, அப்படி எழுதுவது நியாயமல்ல, அந்த மனிதன் மக்களைக் காப்பாற்றியிருக்கிறான் என்று தணிந்த குரலில் சொல்பவர். ஜேம்சன் பெரும்பாலும் அவரைக் கேட்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. பத்திரிகை அலுவலகம் என்பதன் பொருளே அதுதான். நிருபரின் பிரதியை உதவி ஆசிரியர் பார்ப்பார், செய்தியாசிரியர் பார்ப்பார், ஒப்புநோக்குநர்கூட ஒரு பெயரில் பென்சிலால் சுழித்து, ‘இது சரிதானா?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். இந்தத் தாமதங்களை நாம் இளமையில் சபித்திருக்கிறோம். அவை தாமதங்கள் மாத்திரமல்ல என்பது நாளடைவில் புரியும்.

‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தின் கதை முடிந்த பின் வரும் காட்சியில் அதே ஜே.கே. சிமன்ஸ், அதே ஜேம்சனாக மீண்டும் வருகிறார். தலைமுடி உதிர்ந்துவிட்டது. பத்திரிகையும் உதிர்ந்துவிட்டது. டெய்லி பியூகிள் இப்போது ஓர் இணையத்தளம். ரொபேர்ட்சன் இல்லை, செய்தியாசிரியர் இல்லை, எவரும் இல்லை. ஒரு மனிதர், ஓர் ஒளிவாங்கி, ஒரு கமரா. இறந்துபோன பெக் சாவதற்கு முன் பதிவுசெய்து வைத்த காணொளி ஒன்றை அவர் வெளியிடுகிறார். லண்டன் நகரைத் தாக்கியது ஸ்பைடர்மானே என்று அது சொல்கிறது. அடுத்து, ஸ்பைடர்மானின் உண்மைப் பெயர் பீற்றர் பார்க்கர் என்று பெக்கே அறிவிக்கிறான். மாணவனின் முகம் நியூயோர்க் நகரின் நடுவே, மடிசன் சதுக்க அரங்கின் மாபெரும் திரையில் தெரிகிறது. 2002இல் கழுத்து நெரிபட்டபோதும் வெளியிடாத அதே பெயரை, 2019இல் எவரும் கேட்காமலே அவர் வெளியிட்டுவிடுகிறார். இரண்டும் வெவ்வேறு கதையுலகங்கள், இரண்டு ஜேம்சன்களும் ஒருவர் அல்லர் என்று இரசிகர்கள் திருத்தக்கூடும். ஒரே நடிகரை மீண்டும் அழைத்துவந்தவர்கள், நாம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றே அழைத்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் காணொளியில் செய்யப்பட்ட மோசடி மிக நுட்பமானது. லண்டனில் பீற்றர் சொன்ன சொற்கள் மாற்றப்படவில்லை. ட்ரோன்களை நிறுத்துவதற்கான கட்டளைகள் அனைத்தையும் நிறைவேற்றவா என்று இயந்திரம் கேட்டது. எல்லாவற்றையும் நிறைவேற்று என்று அவன் சொன்னான். காணொளியில் இயந்திரத்தின் கேள்வி மாற்றப்பட்டிருக்கிறது. தாக்குதலைத் தொடங்கவா, பெருந்தொகையானோர் இறப்பார்களே என்று அது கேட்கிறது. பதில் அவனுடைய குரலில் அவனுடைய சொற்களாகவே இருக்கிறது. பேட்டி எடுத்துப் பழகிய எவருக்கும் இது முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும். ஒருவரின் கூற்றை ஓர் எழுத்தும் பிசகாமல் பிரசுரித்துக்கொண்டே, அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியை மாற்றி அவரைக் கொலைகாரராக்கிவிடலாம்.

ஜேம்சன் என்ன கேட்டிருக்கவேண்டும்? எந்த ஊரின் ஆசிரியபீடத்திலும் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விகள்தாம். இக்காணொளியை அனுப்பியவர் யார்? முழுமையான பதிவு எங்கே? நடுவில் வெட்டு இருக்கிறதா? லண்டனில் அன்று நின்றவர்கள் எவராவது இதை உறுதிப்படுத்துகிறார்களா? குற்றஞ்சாட்டும் பெக் யார், முன்பு எங்கே வேலை செய்தான்? குற்றஞ்சாட்டப்பட்டவன் என்ன சொல்கிறான்? எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு எத்தனை வயது? இவற்றுள் ஒன்றைக்கூட அவர் கேட்டதாகப் படத்தில் அடையாளமில்லை.

இன்னொரு குற்றவாளியும் அக்காட்சியில் உண்டு. பலரும் அவரைக் கவனிப்பதில்லை. ஜேம்சனின் காணொளி நேராக அந்தப் பெருந்திரைக்கு வந்துவிடவில்லை. கண்ணியமான தோற்றமுடைய ஒரு செய்தி வாசிப்பாளர், சர்ச்சைக்குரிய செய்தித்தளம் ஒன்று இதை வெளியிட்டிருக்கிறது என்று முன்னுரைத்துவிட்டு, முழுவதையும் ஒளிபரப்பிவிடுகிறார். சர்ச்சைக்குரியது என்று சொல்லிவிட்டால் தமது கடமை முடிந்தது என்பது அவரது எண்ணம். ‘என்று தெரிவிக்கப்படுகிறது’, ‘என்று கூறப்படுகிறது’ என்ற சொற்களை நாமும் அறிவோம். அச்சொற்கள் எழுதுபவரைத்தான் பாதுகாக்கின்றன. படத்தில் முகம் காட்டப்படுபவரை அவை ஒருபோதும் பாதுகாத்ததில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். முகமூடி அணிந்த ஒருவர், ஒரு தேசத்தின் இராணுவத்துக்கு நிகரான ட்ரோன்களை ஆளும் அதிகாரத்துடன் திரிகிறார். அவர் யார் என்று அறியும் உரிமை மக்களுக்கு இல்லையா? இருக்கிறது என்பதே எனது பதில். பீற்றர் குற்றமற்ற குழந்தையும் அல்லன். பஸ் பயணத்தின்போது, தன்னைச் சங்கடப்படுத்தக்கூடிய ஒரு புகைப்படத்தை வைத்திருந்த சக மாணவன்மீது தவறுதலாக ட்ரோன் தாக்குதலை ஏவிவிட்டு, கடைசிக் கணத்தில் பதறித் தடுத்தவன் அவன். இத்தகைய ஆயுதம் ஒரு பதினாறு வயதினன் கைக்கு எப்படி வந்தது, எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது, கண்காணிப்பவர் யார் என்பன பாரதூரமான கேள்விகள். ஒரு நல்ல பத்திரிகை இவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்து எழுதியிருக்கலாம். அரசாங்கத்தை, ஸ்டார்க் நிறுவனத்தை, நிக் ஃபியூரியைக் கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு மாணவனின் பெயரும் முகமும் தேவையில்லை. பெயரை வெளியிட்டதும் நடந்தது என்ன? ஆயுதத்தைப் பற்றிய கேள்வி மறைந்துவிட்டது. பையனைப் பற்றிய கூச்சல் மாத்திரம் எஞ்சியது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. பழைய பத்திரிகைகள் மாத்திரம் பரிசுத்தமானவையா? இல்லை. 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியின்போது பூங்கா ஒன்றில் குண்டிருந்த பையைக் கண்டுபிடித்து, மக்களை அப்புறப்படுத்தி, பல உயிர்களைக் காத்தவர் ரிச்சர்ட் ஜூவல் என்ற காவலாளி. மூன்று நாட்கள் வீரர் என்று கொண்டாடப்பட்டார். பின்னர் புலனாய்வாளர்கள் அவரையே சந்தேகிக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை பெயருடன் எழுதியது. உலகத் தொலைக்காட்சிகள் அவரது வீட்டு வாசலில் முகாமிட்டன. அவர்மீது வழக்கே தொடரப்படவில்லை. அவர் சந்தேகநபர் அல்லர் என்று அதே ஆண்டு ஒக்டோபரில் அரச தரப்பு எழுத்தில் அறிவித்தது. 2005இல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2007இல் ஜூவல் 44 வயதில் காலமானார். 2013 ஏப்ரலில் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பின் பின்னர், ஒரு நியூயோர்க் பத்திரிகை சம்பந்தமில்லாத இரண்டு இளைஞர்களின் படத்தை, அதிகாரிகள் தேடுபவர்கள் என்ற பொருள்பட, முதற்பக்கம் முழுவதும் போட்டது. அவர்களில் ஒருவனுக்கு வயது 17. அவன் ஓட்டப்போட்டியைப் பார்க்க வந்த பாடசாலை மாணவன்.

நமது நாடும் இதற்கு விலக்கல்ல. இப்படம் வெளிவருவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்னர்தான், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நிகழ்ந்தன. அடுத்த சில நாட்களில் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களுள், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படமும் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அது தவறு என்று பொலிஸார் விரைவிலேயே அறிவித்தனர். ஆனால் அதற்குள் அப்படம் உலகைச் சுற்றிவிட்டது. அம்மாணவிக்குக் கொலை அச்சுறுத்தல்கள் சென்றன. அந்த நாட்களின் பதற்றத்தை அனுபவித்தவர்கள், இத்தகைய தவறு எத்தனை இலகுவாக நிகழும் என்பதையும் அறிவார்கள். அந்த இலகுதான் அச்சத்தைத் தருகிறது.

ஆகவே பழைய பத்திரிகை தவறே செய்யவில்லை என்பது எனது வாதமல்ல. தவறு செய்தால் அதைப் பிடித்து இழுத்துச்சென்று நிறுத்துவதற்கு ஒரு வாசல் இருந்தது என்பதே வாதம். முகவரி இருந்தது, ஆசிரியரின் பெயர் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, மறுநாள் திருத்தம் போடுவதற்கு அதே பக்கம் இருந்தது. ஜூவல் பல ஊடக நிறுவனங்களிடம் நட்டஈடு பெற்றார். பொஸ்டன் இளைஞர்கள் வழக்குத் தொடர்ந்து இணக்கத்துக்கு வந்தார்கள். இவை போதுமான பரிகாரங்கள் அல்ல. எனினும் பரிகாரங்கள்.

பீற்றருக்குக் கிடைத்த பரிகாரம் எது? 2021 டிசம்பரில் வந்த ‘நோ வே ஹோம்’ படம் அக்கதையைத் தொடர்கிறது. சட்டத்தரணி ஒருவரின் உதவியால் வழக்கிலிருந்து தப்புகிறான். ஆனால் ஜேம்சனின் கூச்சல் தொடர்கிறது. தோழி எம்.ஜே.க்கும் நண்பன் நெட்டுக்கும், பீற்றரோடு பழகிய ஒரே காரணத்துக்காகப் பல்கலைக்கழக அனுமதி மறுக்கப்படுகிறது. கடைசியில், உலகத்தார் அனைவரும் பீற்றர் பார்க்கர் என்ற ஒருவனையே மறந்துபோகும்படி மந்திரம் போடவேண்டியிருக்கிறது. காதலியும் நண்பனும்கூட அவனை மறந்துவிடுகிறார்கள். ஒரு பெயரைப் பிரசுரித்துவிட்டால் அதைத் திரும்பப் பெற மந்திரவாதியைத்தான் நாடவேண்டும், அதற்கும் அந்தப் பையனே விலை கொடுக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஊடகவியல் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

புதிய ஜேம்சன் வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கரை நினைவுகூரலாம். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அது நாடகம், பெற்றோர்கள் நடிகர்கள் என்று ஜோன்ஸ் தமது இணைய ஒளிபரப்பில் திரும்பத் திரும்பக் கூறினார். இடையிடையே சத்துமாத்திரைகளும் விற்றார். அதை நம்பியவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரைத் துரத்தித் துன்புறுத்தினர். 2022 ஒக்டோபரில் கனெக்டிகட் மாநில ஜூரிகள் 96 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தனர். சம்பவம் நடந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்.

2019இல் இப்படத்தைப் பார்த்தபோது மிஸ்டீரியோவின் மோசடிக்கு எத்தனை ட்ரோன்களும் எத்தனை நிபுணர்களும் தேவைப்பட்டார்கள் என்பதே வியப்பாக இருந்தது. இன்று அதே காட்சியைப் பார்க்கையில் வியப்பு மறுபக்கத்திலிருந்து வருகிறது. இவ்வளவு சிரமப்பட்டார்களே பாவம் என்று தோன்றுகிறது. ஒருவரின் குரலில் அவர் சொல்லாததைச் சொல்லவைக்க இப்போது ஒரு கணினியும் சிறிது நேரமும் போதும். 2024 ஜனவரியில், நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் ஆரம்பத் தேர்தலுக்குச் சற்று முன்னர், அப்போதைய ஜனாதிபதி பைடனின் குரலைப் போன்ற போலிக் குரல் தொலைபேசியில் வாக்காளர்களை அழைத்து, வாக்களிக்கப் போகவேண்டாம் என்றது. செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் செய்யப்பட்டது அது. பெக்கின் முழுக் குழுவும் செய்த வேலையை இன்று தனியொருவர் செய்துவிடலாம். அதைக் கேள்வியின்றி ஏற்றி அனுப்ப ஜேம்சன்களுக்கும் பஞ்சமில்லை. ரொபேர்ட்சன்களின் கதிரைகள்தான் சிக்கனம் என்ற பெயரில் அலுவலகம் அலுவலகமாக அகற்றப்பட்டு வருகின்றன.

படம் தரும் தீர்வில் எனக்கு உடன்பாடில்லை. இறுதிச் சண்டையில் பீற்றர் கண்களை மூடிக்கொள்கிறான். கண்ணுக்குத் தெரிபவை யாவும் பொய் என்பதால், தன் உள்ளுணர்வை மாத்திரம் நம்பி ட்ரோன்களை அடித்து வீழ்த்துகிறான். கதாநாயகனுக்கு அது சரி; சிலந்தி கடித்ததால் வந்த வரம் அது. மற்றவர்களுக்கு உள்ளுணர்வு என்பது பெரும்பாலும் முன்பே கொண்டிருந்த அபிப்பிராயத்தின் மறுபெயர். ஜேம்சனும் தமது உள்ளுணர்வைத்தான் நம்பினார். ஸ்பைடர்மான் கெட்டவன் என்று அது அவருக்கு ஆண்டாண்டு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் சிபாரிசு செய்வது எம்.ஜே.யின் வழியை. கண்களைத் திறந்து வைத்திருத்தல், கருவித்துண்டை எடுத்து வைத்தல், சம்பந்தப்பட்டவரிடம் நேரே கேட்டல், 67 வீதத்தில் வாயை மூடிக்கொண்டிருத்தல். இது முன்னர் பத்திரிகை அலுவலகத்தில் சம்பளம் வாங்கிச் செய்யப்பட்ட வேலை. இன்று கையில் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பிரசுரகர்த்தராகிவிட்ட நிலையில், இவ்வேலையும் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுடன் இருந்து இப்படத்தைப் பார்க்கும் பெற்றோர், எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விட வேண்டாம். கடைசியில் வரும் அந்த இரண்டு நிமிடக் காட்சியையும் பார்த்துவிட்டு, அந்தப் பையனின் பெயரை வெளியிட்டது சரியா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில்களை எனக்கும் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.